கடல் பக்கம் அடித்தால் அவுட்

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடிய என் ஏழுமலை மாமாவுக்கு,

இந்தியா டீமில் நம்ம ஓப்பனர் ரிட்டயர் ஆகிவிட்டார், மாமா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் இரண்டு நாள் போட்டை இறக்கியிருக்க மாட்டாய். அக்கா கத்தியிருப்பாள். "அவரு ரிட்டயர் ஆனா உனக்கு இன்னாய்யா? பென்ஷன் உனக்கா வரப்போவுது?" என்று கேட்டிருப்பாள்.

பேப்பரில் அவர் அடித்த சதங்களை எல்லாம் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். எந்த ஊர், எத்தனை ரன், ஜெயித்த மேட்ச்சா தோற்ற மேட்ச்சா, எல்லாம் இருந்தது. மறைமலைநகர் கம்பெனி கேன்டீனில் நின்றுகொண்டே படித்தேன். புதுப்பந்து மூக்குக்கு எகிறுகிற வெளிநாட்டு மைதானங்களில்தான் நிறைய அடித்திருக்கிறார். மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய இடங்கள் அவை. படிக்கும்போதே ஒன்று உறைத்தது. இத்தனை சதத்தில் ஒன்றைக்கூட, அந்த நூறாவது ரன் ஓடுகிற நேரத்தில், நீ கண்ணால் பார்த்ததில்லை.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டிவிக்கு முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பாய். அவர் தொண்ணூறைத் தாண்டியதும் எழுந்து வெளியே போய் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாய். ஒரு தடவை நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது தொண்ணூற்றெட்டில் அவுட்டாகிவிட்டார். அன்றிலிருந்து இந்த விரதம். உள்ளே கத்தல் கேட்டால்தான் திரும்புவாய். அதற்குள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி பேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்.

"எந்தப் பக்கம் போச்சு மச்சான்?" என்று கேட்பாய்.

"உன் பக்கந்தான் மாமா" என்பேன். நீயே அடித்த மாதிரி ஒரு சிரிப்பு வரும் உனக்கு.

உன் பக்கம் என்றால் ஆஃப் சைடு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நம் குப்பத்துச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மணலில் ஒரு முனையில்தான் ஸ்டம்பு நடுவோம். வடக்கே நின்று தெற்கே பார்த்து ஆட வேண்டும். வலதுகைக்காரன் நின்றால் அவன் நெஞ்சுக்கு நேரே சவுக்குத்தோப்பு, முதுகுக்குப் பின்னால் கடல். கடலுக்குள் அடித்தால் அவுட். அடித்தவனே நீந்திப் போய்ப் பந்தை எடுத்தும் வர வேண்டும். இருப்பது ஒரு பந்து, வேறென்ன செய்வது? இடதுகைக்காரனுக்கோ நெஞ்சுக்கு நேரே கடல்; நம் குப்பத்தில் அவனெல்லாம் பவுலர் ஆனது இதனால்தான். வலதுகைக்காரனுக்கு முதுகுப் பக்கம், லெக் சைடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோனது.

அந்தச் சட்டத்துக்குள் நீ ஆடியதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. காலைக் குறிவைத்து வருகிற பந்துக்கும் ஒதுங்கி இடம் செய்துகொண்டு, தோப்புப் பக்கமாக வெட்டுவாய். மரத்தில் பட்டு மணல் தெறிக்கும். அங்கே ஐந்து பேரை நிறுத்தினாலும் இரண்டு பேருக்கு நடுவில் சந்து கண்டுபிடிப்பாய். பாதி மைதானத்தை வைத்துக்கொண்டு முழு மைதானக்காரனைப் போல ரன் எடுத்தவன் நீ.

ஓப்பனருக்காக என்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாய். "தோத்த மேட்ச்சுல செஞ்சுரி அடிச்சி இன்னா பிரயோஜனம்? தன் கணக்குக்கு ஆடுறான்" என்று ஒருநாள் சொன்னேன்.

"போடா பேமானி" என்றாய். "மொத அலைய ஒடைச்சிக்கினு போறவன் அவன். அவன் போனாத்தான் பின்னால நாலு போட்டு எறங்கும். எறங்கினவன் மீன் புடிக்கலன்னா அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?"

 

அப்புறம் அந்தச் செங்கல்பட்டு நாள். மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் பிடித்து, நீயும் நானும் போனோம். ஓட்டல் சர்வரிடம் இரவல் வாங்கிய வெள்ளை பேண்ட் உனக்கு. கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. காலுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு முதல் தடவையாக நடந்தாய், வாத்து மாதிரி. அங்கே ஸ்கூட்டரிலும் காரிலும் அப்பாக்களோடு வந்திருந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நீ முதல் மூன்று பந்தை வெட்டியதும் அந்தச் சிரிப்பு நின்றது. தோல் பந்து பேட்டில் பட்ட சத்தத்துக்கே மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

பந்து போடுகிறவன் கெட்டிக்காரன். கண்டுபிடித்துவிட்டான். காலுக்கே போட ஆரம்பித்தான். நீ தடுத்தாய், விட்டாய், மறுபடி தடுத்தாய். கடைசியில் குழந்தைகூட அடிக்கிற மாதிரி மெதுவாக ஒன்று வந்தது. லெக் சைடில் ஒருத்தனும் இல்லை. பேட் மேலே போனது, அங்கேயே நின்றது.

"அடிக்க வேண்டியதுதானேப்பா?" என்று கத்தினார் தேர்வாளர்.

"அந்தப் பக்கம் அடிச்சா அவுட்டு சார்" என்று நீ சொல்லிவிட்டாய். வாய் தவறி வந்தது. கை பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்கு வாய் சொன்னது.

"எந்த ஊர் சட்டம்பா இது?"

"எங்க ஊர்ல அந்தப் பக்கம் கடல் கீது சார்."

"இங்க கொளவாய் ஏரிதாம்ப்பா இருக்கு. அதுவும் ரோட்டுக்கு அந்தாண்ட!" மைதானமே சிரித்தது. லெக் சைடு ஷாட்டே இல்லை என்று ஒரே வார்த்தையில் உன்னை முடித்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவரு சொன்னது கரெக்ட்டு மச்சான், கை போவலியே. எங்கிட்ட சரக்கு இல்ல" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. சாகும்வரை அப்படித்தான் நம்பினாய்.

நீ செத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். காலையில் மீன் கூடையோடு ஈசிஆர் ரோட்டைக் கடந்தாய். சனி ஞாயிறுக்குக் கடல் பார்க்க வருகிற கார் ஒன்று அடித்துவிட்டுப் போனது. குறுக்கே வந்தான் என்று போலீஸில் உன் மேலேயே எழுதிவிட்டார்கள். குப்பத்துக்கும் மார்க்கெட்டுக்கும் குறுக்கே ரோட்டைப் போட்டது யார் என்று எழுத அங்கே இடமில்லை. நான் இப்போது கம்பெனியில் காருக்கு பம்பர் மாட்டுகிற லைனில் நிற்கிறேன், மாமா. கான்ட்ராக்ட்தான். ஒவ்வொரு பம்பரை மாட்டும்போதும் என்ன நினைக்கிறேன் என்று எழுதினால் வேலை போய்விடும்.

இந்தக் கடிதம் அதற்கல்ல. போன வாரம் டிவியில் நம்ம ஓப்பனரை வைத்து ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். அவருடைய சதங்களில் ரன் போன திசைகளை எல்லாம் படமாகக் கோடு போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் கோடு கோடாக அடர்ந்திருக்கிறது, மறுபக்கம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பேட்டி எடுத்தவர் ஏன் என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: சின்ன வயதில் சந்தில் ஆடினார்களாம். லெக் சைடில் ஒரு பெரிய வீடு. உள்ளே போன பந்தை வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டாராம். அதனால் அந்தப் பக்கம் அடித்தால் அவுட்.

எழுந்து நின்றுவிட்டேன், மாமா.

உன்னிடம் இருந்த அதே குறைதான். அவரிடம் அதற்கு அழகு என்று பேர் வைத்தார்கள். இன்னொன்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கோச் ஒருவர் இரண்டு வருஷம், தினம் சாயங்காலம், அவர் காலுக்கே பந்து போட்டுப் போட்டு லெக் சைடைத் திறந்துவிட்டாராம். அவருக்கு இரண்டு வருஷம். உனக்கு ஒரு மத்தியானம். சரக்கு இல்லாதது உன்னிடமா, ஆள் எடுக்க வந்தவர்களிடமா?

அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. கொடுத்த நேரத்தை வீணாக்காமல் அத்தனை சதமாகத் திருப்பிக் கொடுத்தார். அதை மறைக்காமல் வெளியே சொன்னார் பார், அதற்கே இன்னொரு சதம் போடலாம். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரிய இதா? அந்தாளுக்குப் பக்கத்து வூட்டுக்காரன்தான். எங்காளு கடலையே பக்கத்து வூட்டுக்காரனா வச்சிக்கினு ஆடுனாரு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அவருடைய கடைசி சதத்தை நான் பார்த்தேன். நீ போன பிறகு அடித்தது. தொண்ணூறு வந்ததும் வெளியே போய் நிற்கலாமா என்று யோசித்தேன். உனக்குச் சொல்ல ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். பந்து நேராகக் காலுக்கு வந்தது. மணிக்கட்டை மட்டும் திருப்பினார். ஆளே இல்லாத இடத்தில் எல்லைக் கயிறு வரை ஓடியது.

எந்தப் பக்கம் போச்சு என்று கேள், மாமா. கடல் பக்கம்.

பையன்கள் இன்னும் அதே மணலில்தான் ஆடுகிறார்கள். சட்டமும் அதேதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பந்து மட்டும் போடுங்கடா என்று கேட்டேன். "ண்ணா, நீ பவுலராச்சே? கடலாண்ட அடிச்சினா யாரு போறது?" என்று ஒருத்தன் கேட்டான். நான்தான்டா என்றேன்.

எனக்கு பேட்டிங் வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் வடக்கு முனையில் உன்னைப் போலவே வலதுகையாக நிற்பேன். காலுக்கு வருகிற பந்தாகப் பார்த்து உன் பேரைச் சொல்லிக் கடலுக்குள் அடிப்பேன். அவுட் என்று கத்துவார்கள், கத்தட்டும். நீந்திப் போய் அந்தப் பந்தை எடுத்துவந்து அவர்கள் கையில் கொடுத்து, இன்னொரு தடவை போடு என்பேன். உன் கை போகும்வரை போடச் சொல்லி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இனிமேல் இந்த மணலில் அதைக் கேட்க ஒருத்தன் இருப்பான்.

உன் பெண்டாட்டிக்குத் தம்பி, உன் டீமுக்குப் பவுலர்,
உன் மச்சான் சேகர்