ஆறாம் மாடிக்குப் போடாத வாக்கு

ஜனவரி 14, 1993

லிஃப்ட் மறுபடியும் நான்காம் மாடியில் நின்றுவிட்டது. எதிர்வீட்டு ஆக்னஸ் டோரனும் நானும் ஆறாம் மாடிவரை மீதியைப் படியேறிக் கடந்தோம். அவருடைய அண்ணன் டெனிஸ் இறந்து ஒரு மாதம். இன்னும் இருவருக்கான சோடா ரொட்டியையே சுடுகிறார். பாதி எனக்கு வருகிறது. தனியாளுக்கு அது அதிகம். ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இது கூட்டுறவுக் கட்டடம்; வீட்டுக்குரிய தம் பங்குகளை டெனிஸ் தங்கைக்கே எழுதிவைத்திருக்கிறார். ஆயினும் இந்தக் கட்டடத்தில் பங்கு மட்டும் போதாது; குடியிருக்கும் உரிமை மாற, நான் உட்பட ஐவர் கொண்ட நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். கணவன், மனைவிக்குச் சம்மதம் தேவையில்லை; தங்கைக்குத் தேவை. விதியை எழுதியவன் நான்.

ஜனவரி 22

வாசற்காவலர் ஸ்லாவ்கோ சிரித்தார்: "குழுவுல நீங்க இருக்கீங்க சார், அந்தம்மாவுக்கு என்ன கவலை?"

பிப்ரவரி 2

குழுத் தலைவர் கெஸ்லருக்கு எழுதினேன்: 'மிஸ் டோரன் விஷயத்தில் என்னால் நடுநிலை வகிக்க இயலாது. ஆகவே வாக்களிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' மூன்று முறை திருத்தினேன். எவரிடமும் சொல்லாத உண்மை அது. முறைப்படிதான் இருக்கிறது என்றார் கெஸ்லர்.

பிப்ரவரி 9

இரண்டுக்கு இரண்டு. சமமானால் விண்ணப்பம் தள்ளுபடி. காரணம் தெரிவிக்கப்படாது.

பிப்ரவரி 10

வெந்நீர்க் குழாய் நாள் முழுதும் தட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13

ஆக்னஸ் கதவைத் தட்டினார். கெஸ்லர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"உங்க ஒரு ஓட்டு விழுந்திருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன், லேம்பர்ட்."

நெறிமுறை என்றேன். பிற்பாடு எவரும் கேள்வி எழுப்பிவிடக் கூடாது என்றேன்.

"யாரு கேப்பா? ஸ்லாவ்கோ பத்து வருஷமா நம்மளைச் சேத்து வச்சுக் கேலி பண்றான்." பிறகு, குரலைத் தாழ்த்தி: "கெஸ்லருக்குக் கடுதாசி எழுதத் தெரிஞ்சுது. எனக்கு ஒரு வரி எழுதணும்னு தோணலையா?"

நான் என்ன பதில் சொன்னேன்? லிஃப்ட் சரியாயிடுச்சான்னு கேட்டேன். லிஃப்டைப் பத்தி — அவங்க அங்கே நின்னுக்கிட்டிருக்க, லிஃப்டைப் பத்தி.

மார்ச் 28

பெட்டிகள் இறங்கின. ஸ்க்ராண்டன் ஊரில் தம் அக்கா மகள் வீட்டுக்கு ஆக்னஸ் போகிறார். இருபது ஆண்டுகளாக அவரிடம் இருந்த என் மாற்றுச் சாவி, ஓர் உறையில் என் கதவடியில் கிடந்தது. உள்ளே ஒரு வரியாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை.

மே 11

எதிர்வீட்டை வாங்க ஓர் இளைஞன் வந்தான். அடுத்த மாதம் திருமணமாம். வரப்போகும் மனைவியையும் நேர்காண வேண்டுமா என்று கெஸ்லர் கேட்டார். தேவையில்லை என்றேன். மணம் முடித்து வருபவருக்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. விதியில் எந்தப் பிரிவு என்றார். ஏட்டைத் திறக்காமலே சொன்னேன்.

அது எதிர்வீட்டுக்கு மட்டுமான விதி அன்று. என் வீட்டுக்கும் பொருந்தும். பிப்ரவரியிலும் பொருந்தியது.