நீ போட்ட மூன்றாம் நம்பர் கோடு

இன்று காலை உன் வீட்டு வாசலில் நின்று ஒரு பிரட் பாக்கெட்டைத் தெருவில் வீசினேன். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கும் உன் மகளைப் பார்க்க, உன் வீட்டுக்காரரின் சொந்தக்கார அம்மா ஒருவர் வாங்கி வந்த பாக்கெட். கூடவே ரஸ்க்கும் இருந்தது. பிரித்தவுடன் வந்ததே அந்த வாசனை, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உடம்புக்கு முடியாத புள்ளையப் பாக்க வெறுங்கையோடயா வர்றது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெறுங்கையோடயே வாங்க. இந்தப் புள்ளைக்கு அதான் நல்லது" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். நான் உனக்குப் பிரட் வாங்கி வந்தபோது என்னை இப்படித் துரத்த ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே என்ற ஆத்திரம்தான் எனக்கு.

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ். எட்டு கம்ப்யூட்டர், சத்தம் மட்டும் போடும் ஒரு ஏசி. நீ திருச்சுழிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, பாதிப் படியில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துதான் மேலே வருவாய். எங்கேயோ இருக்கும் மனிதர்கள் கேமரா வைத்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். அது குடல் வழியே போகப் போக எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் நம் திரைக்கு வரும். குடலின் உள்சுவர் புது டர்க்கித் துண்டு மாதிரி பொசுபொசுவென்று இருந்தால் ஒன்றாம் நம்பர். சந்தேகமாக இருந்தால் இரண்டு. நூலெல்லாம் உதிர்ந்து மழுங்கி, கோடைக் கண்மாய்த் தரை போல வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தால் மூன்று. மூன்று என்றால் அந்த இடத்தைச் சுற்றி மவுஸால் கோடும் போட வேண்டும். ஒரு டாக்டர் அதைச் சரிபார்த்த பிறகு, அந்தப் படங்களை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"மூணுன்னா என்ன வியாதி சார்?" என்று நீ ஒருநாள் கேட்டாய். சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது நமக்கெதுக்கும்மா? கோட்ட ஒழுங்காப் போடுங்க."

நாமும் விட்டுவிட்டோம். மடச்சிகள்.

கோடு போடுவதில் உன்னை அடித்துக்கொள்ள அந்த மாடியில் ஆள் கிடையாது. நான் அவசரத்தில் இரண்டு என்று போட்ட படத்தை எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, நடுவுல பாக்காத, ஓரத்தப் பாரு. எலி கடிச்ச மாதிரி இருக்கா? அப்ப மூணுதான்" என்பாய். பதினொரு மணிக்கு டீ வரும், கூடவே பன். நீ பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றுவிட்டு அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே கக்கூஸுக்கு ஓடுவாய். "என்ன புள்ள, புருசன் தேடுறாரா?" என்று நாங்கள் கேலி செய்வோம். எதைத் தின்றுவிட்டு ஓடுகிறாய் என்று எவளுக்கும் தோன்றவில்லை.

வாயெல்லாம் புண், வெளிறிய நாக்கு, கை மட்டும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். போன இடத்தில் எல்லாம் இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்தார்கள். "பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று ஒரு டாக்டர். "அரிசியக் கொறச்சுட்டு சப்பாத்தி சாப்பிடுங்க, தெம்பு வரும்" என்று இன்னொருவர். உங்கள் காட்டில் குதிரைவாலி விளைந்து வீட்டில் மூட்டை கட்டிக் கிடந்தது. நீ டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கோதுமை தின்றாய். நீ படுக்கையில் விழுந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வந்தேன், ஒவ்வொரு தடவையும் பிரட் பாக்கெட்டோடு. வேறு எதுவும் இறங்கவில்லை என்றாய். பாலில் நனைத்து நான்தான் உனக்கு ஊட்டினேன். நம் ஊரில் நோயில் கிடப்பவர்களுக்குப் பிரட்டும் ரஸ்க்கும்தானே அன்பு? அந்த அன்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் மதுரையில் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். உன் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்குப் புரிந்தது. வெடிப்பு வெடிப்பான தரை. எலி கடித்த ஓரம்.

"சார், இது மூணாம் நம்பர்!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகுதான் அதற்குச் சீலியாக் என்று பெயர் என்று சொன்னார். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து சிலர் குடலுக்கு ஆகாது, தின்னத் தின்னக் குடலையே மழுக்கிவிடும் என்றார். கோதுமையை நிறுத்தினால் போதுமாம், குடல் தேறிவிடுமாம். உனக்கு மட்டும் நேரம் கடந்து, குடலில் புற்றுக்கட்டி விழுந்திருந்தது.

உன்னிடம் நான்தான் சொன்னேன். நீ சிரித்தாய், பாவி. "எத்தன பேரு குடலுக்குக் கோடு போட்டேன். எங்குடலு மட்டும் நம்ம கம்ப்யூட்டருக்கு வரலையே புள்ள."

நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் ஆபீஸுக்குப் போனேன். புது வேலை வந்திருந்தது, யாருடைய நுரையீரல் படங்களோ. "இது என்ன வியாதின்னு சொல்லுங்க, அப்பத்தான் மவுஸத் தொடுவேன்" என்றேன். சூப்பர்வைசர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவதாக மிரட்டினார். "தூக்குங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற ஆறு பெண்களும் மவுஸை வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் விளக்கம் வந்தது. இப்போது எந்த வேலை வந்தாலும் வியாதியின் பெயரும் அதன் அறிகுறிகளும் சுவரில் தமிழில் ஒட்டப்படுகின்றன. முதல் தாள் உன் வியாதிக்கு. நான் எழுதியது.

இந்தக் கோடையில் உன் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது வயசு, உயரம் ஆறு வயசுக்குத்தான். வாயில் புண். பள்ளிக்கூடப் பையில் ரஸ்க். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதலில் காட்டிய டாக்டர், "இது வடக்க கோதுமையாத் திங்கிறவங்களுக்கு வர்ற வியாதிம்மா, நமக்கு வராது" என்றார். "இவுக அம்மாவுக்கு வந்து செத்தே போயிட்டா சார். நீங்க ரத்தத்த எடுக்கச் சொல்றீங்களா, நான் இங்கயே உக்காரட்டா?" என்றேன். எழுதிக்கொடுத்தார். ரத்தத்தில் சந்தேகம் என்று வந்தது. குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது உன் வீட்டுக்காரர் அடம்பிடித்தார்.

"எம் பொண்டாட்டிக்குக் கொழா விட்ட மறு மாசமே போயிட்டா. எம் மகளுக்கு வேணாம் தங்கச்சி. விட்ருங்க."

"கொழாயால போகலண்ணே. நாம பிரட்டு குடுத்ததுல போனா" என்றேன். அவர் அழுதார். நான் அழவில்லை. நானும் உட்கார்ந்து அழுதால் உன் மகளை யார் மதுரைக்குக் கூட்டிப்போவது?

கேமரா மாத்திரைக்கு மட்டும் சம்மதித்தார். உன் மகள் தண்ணீரோடு அதை மடக்கென்று விழுங்கிவிட்டு, இடுப்பில் படம் பதியும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றினாள். மறுநாள் ஒரு சின்ன டாக்டர் படங்களை வேகமாக ஓட்டினார். எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது என்றார். நான் நாற்காலி நுனியில் இருந்தேன். பிறகு, நம்மைப் போன்றவர்கள் கோடு போட்ட படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டரை ஓடவிட்டார். படங்கள் ஓடின, ஓடின, சட்டென்று நின்றன. குடலின் ஒரு ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. பக்கத்தில் மூன்று.

எலி கடித்த ஓரத்தில், நீ போடுவாயே, அதே மாதிரி ஒட்டி ஒட்டி வளைந்து போகும் கோடு. சின்ன டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "சரி தங்கச்சி, கொழா விட்டே பாக்கச் சொல்லுங்க" என்றார். சதைத் துணுக்கிலும் அதுவேதான் வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், குடல் திரும்ப முளைத்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனி உன் வீட்டில் பன் கிடையாது, பரோட்டா கிடையாது, ரவை, சேமியா கிடையாது. கடைப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலக்கிறார்களாம், அதையும் கொட்டியாயிற்று. மதியம் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். உன் மகள் இரண்டாம் தடவை கேட்டுத் தின்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை.

சாப்பிட்டுவிட்டு ரிப்போர்ட்டில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் சிவப்புக் கோட்டைத் தடவினாள். "சித்தி, இது எங்கம்மா போட்டதா?"

மதுரைக் கம்ப்யூட்டருக்கு யார் யார் போட்ட கோடுகளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. கேட்டால் அது நமக்கெதுக்கு என்பார்கள்.

"ஆமாடி, உங்கம்மா போட்டதுதான்" என்றேன். எவன் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.