கொம்பு முறிந்த இடம்

மார்ச் 3
பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். சந்தைக் கட்டடத்தின் முகப்புக்குச் சுதையில் ஒரு வளக்கொம்பு வேண்டுமாம். ஆட்டுக்கொம்பு, அதன் வாயிலிருந்து கொட்டும் திராட்சை, மாதுளை, கதிர்கள். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலேயே படத்தை நீட்டினார். "இதுன்னா உக்காந்தே செய்யலாம்மா." குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. என்ன பேசுவார்கள்? பிறந்தது. மூச்சு விடவில்லை.

மார்ச் 4
மதியத்துக்குள் சட்டை நனைந்துவிடுகிறது. பால். உடம்புக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 6
மருத்துவமனை. நர்ஸக்கா மாத்திரையைக் கொடுத்தார். "போட்டா வத்திடும்." பிறகு தயங்கினார். "கொறமாசக் கொழந்தை ஒண்ணு உள்ள இருக்கு. அதோட அம்மாவுக்குச் சுரக்கல. உங்கிட்ட கேக்கவே நாக்கு கூசுது."
மாத்திரையை விழுங்கவில்லை. பால் எடுக்கும் கருவியோடு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 7
கருவியின் சத்தம் கேட்டு என் கணவன் கதவருகே வந்து நின்றான்.
"நிறுத்திடுடி. போதும்."
"வீணாத்தானே போகுது."
"நம்ம புள்ளைக்குன்னு வந்தது..."
செருப்பை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். கட்டிக்கொண்டவனிடம்கூட இதை எப்படி விளக்குவது? எனக்கே தெரியாதபோது?

மார்ச் 11
வளக்கொம்பு பற்றிக் கல்லூரியில் படித்த கிரேக்கக் கதை. ஒளித்து வளர்க்கப்பட்ட தெய்வக் குழந்தை ஒன்றுக்கு ஓர் ஆடு பால் கொடுத்தது. குழந்தை விளையாட்டாக அதன் கொம்பை ஒடித்துவிட்டது. ஒடிந்த கொம்பு கனிகளால் நிறைந்தது, குறையவேயில்லை. கனிகளைத்தான் எல்லோரும் வடிக்கிறார்கள். ஆட்டுக்கு வலித்ததா? அதற்குச் சொந்தக் குட்டி இருந்ததா?

மார்ச் 12
வளம் கொட்டும் அந்த வாய், கொம்பு முறிந்த இடம்தானே. விளிம்பைப் பிசிறாகவே விட்டேன்.
"என்னம்மா, ஒடஞ்ச சாமான் மாதிரி? வளையம் வச்சுத் தேச்சு விடுவோம்ல?"
"ஒடஞ்சதுதான் மேஸ்திரி."
"ஊர்ல இல்லாத கொம்பு உனக்கு மட்டும் மொளச்சிருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, இருக்கட்டும். கீழேருந்து பாத்தா யாருக்குத் தெரியப்போகுது."

மார்ச் 15
இன்றும் கூடத்தில்தான் படுத்தான்.

மார்ச் 19
பால் கட்டிக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புட்டி போயாக வேண்டும். அவன் கை நீட்டினான். "குடு."
திரும்பி வர வெகுநேரமாயிற்று. நர்ஸக்கா உள்ளே கூப்பிட்டாராம்.
"இத்துனூண்டு இருக்குடி. வெரலப் பிடிச்சிட்டு விடவேயில்ல."
"பேர் வச்சிட்டாங்களா?"
"கேக்கல. நாம வச்சிருந்த பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணத் தெறந்துச்சு."
சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. கட்டிலைவிட்டு இறங்கி, பிடித்துப் பிடித்து நடந்து, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.
சொன்னான்.