வாப்பாவின் வெற்றிலைப் பெட்டி

ரிப்காவின் வாப்பாவுக்கு,

உங்கள் வாப்பாவின் பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வர மத்தியானம் தாண்டும். சோறும் மீன்கறியும் அடுப்படியில் மூடி இருக்கின்றன.

நேற்று பக்கத்து வீட்டாரிடம் அவர், “பாலாவி உப்பளத்துல முப்பது வருஷம் கெடந்தவன் நான். மருமகள் எனக்கு உப்பில்லாத கறி தாரா” என்றார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெற்றிலைப் பெட்டிக்குள் உப்புக்கட்டி ஒளித்து வைத்திருக்கிறார். அதை எடுக்க வேண்டியது மகன், நான் இல்லை.

பி.கு: அவர் கனமூலையிலிருந்து நம் வீட்டுக்கு வந்த நாள் முதல் நானும் அந்த உப்பில்லாத கறியைத்தான் சாப்பிடுகிறேன். இன்றைக்கு நீங்களும் அவரோடு இருந்து சாப்பிடுங்கள். ஒரே சட்டிதான் ஆக்கினேன். உப்புப் போத்தல் என் கைப்பையில் இருக்கிறது.