வெறுங்காலில் எட்டு அடி

பக்கத்து வீட்டில் அலமாரி செய்வதற்காக நேற்று பிளைவுட் அறுத்தார்கள். பசையும் மரத்தூளும் கலந்து லேசாக இனிக்கிற அந்த வாசனை சன்னல் வழியாக என் மேசை வரைக்கும் வந்தது. நாளிதழை நான்காக மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லூரி அரங்கத்தின் மேடையில் அன்று புதிதாகப் போட்டிருந்த பலகையும் இப்படித்தான் மணந்தது. "என்னங்க சர்வேயரே, தச்சுப் பட்டறைக்கு வந்துட்டமா" என்று என் காதில் கேட்டீர்கள். நான் சர்வேயர் இல்லை, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் என்று எத்தனை முறை சொல்லியும் நீங்கள் மாற்றிக்கொண்டதே இல்லை.

புதுக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற நம் குழுவில் பதினொரு பேருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தவர் நீங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஜாஸ் இசைக்குழு. அவர்களோடு, காலணியின் அடியில் உலோகத் தகடு அடித்துக்கொண்டு பலகையில் தட்டித் தட்டி ஆடும் இரண்டு பேர். நம் குழுவிலிருந்த மருந்துக்கடைக்காரர் கேலி செய்தார். "முட்டிவலிக்காரன் பதினோரு பேரு போயி டான்ஸ் பாக்கவாய்யா? போற வழியில தைலம் வாங்கிக்கிட்டுப் போவோம்."

"தைலம் ஒங்க கடையிலதான வாங்கணும், அதான் சொல்றீங்க" என்றீர்கள். "முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன் நான். கால் பேசுறது எனக்குப் புரியும். வாங்க எல்லாரும்."

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் உங்களுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பிழைத்து எழுந்துவிட்டீர்கள், வலது கையில் பலம் குறைந்திருந்தது, வலது கால் முழுதாகத் திரும்பவில்லை. இடதை வைத்ததும் வலது பின்னாலேயே சர்ர் என்று இழுபட்டு வரும். அன்று மாலை உங்களை அழைத்துப் போக வந்தபோது உங்கள் மனைவி வாசல் வரை வந்து என்னிடம் சொன்னார். "அண்ணே, ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன். படி ஏற விடாதீங்க. செருப்பக் கழட்ட விடாதீங்க, வழுக்கிரும்." நான் பொறுப்பாகத் தலையாட்டினேன். அரங்கத்தில் எந்த வாசலில் படி குறைவு என்று முந்தின நாளே போய்ப் பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்திருந்தவன் அல்லவா.

விளக்குகள் மங்கிய பிறகு நடந்தது எதையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. வரிசை தப்பாத என் மனம் அன்று ஒரு மணி நேரம் எங்கோ போய்விட்டது. சாக்ஸபோன் ஓர் ஆள் கொட்டாவி விடுவதைப் போல மெதுவாகத் தொடங்கியது. ஆளுயரப் பிடிலை நிற்க வைத்து ஒருவர் விரலால் சுண்டினார். அது என் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. நரைத்த சுருள்முடிப் பெண்மணி ஒருவர் பலகை மீது நடந்து வந்தார், வெறுமனே நடந்துதான் வந்தார், அதற்குள் ஓட்டு வீட்டின் மேல் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் என் முழங்காலைத் தட்டி, "இப்ப கிளச்சு, இப்ப பிரேக்கு, பாருங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் முகம் அவ்வளவு இளமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் அந்தப் பெண்மணி கையை நீட்டி, விருப்பமுள்ளவர்கள் மேடைக்கு வரலாம் என்று அழைத்தார். நீங்கள் எழுந்தீர்கள். நான் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கைய விடுங்க" என்றீர்கள். கோபமே இல்லாத குரல். "இந்தக் காலு இன்னும் எத்தன நாளைக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அடுத்த கணம் உங்கள் கை என் பிடியில் இல்லை. நான் விட்டேனா, நீங்கள் உருவிக்கொண்டீர்களா? இந்த ஒரு கேள்வியோடுதான் இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன்.

உங்களோடு நம்மவர்கள் மூன்று பேர் போனார்கள். படியருகே போனதும் நாலு பேரும், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டீர்கள். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். மேடை என்றால் நமக்கு அப்படித்தான். காலணியால் தட்டுவதுதான் அந்த ஆட்டம் என்பது நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓடி வந்து உங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியடியில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண்மணி ஆடிக் காட்டினார். நீங்கள் காலைத் தட்டினீர்கள். சத்தமே வரவில்லை. அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். மற்ற மூவரும் கூச்சத்தோடு ஓரமாக ஒதுங்க, நீங்கள் மட்டும் பலகையின் நடுவில் நின்றீர்கள். அந்தப் பெண்மணி உங்கள் வெறும் பாதங்களையே பார்த்தார். பிறகு குனிந்து தன் காலணிகளை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உங்கள் எதிரில் வந்து நின்றார்.

மேளக்காரர் குச்சிகளை வைத்துவிட்டு, முற்றம் பெருக்குவதுபோல ஒலிக்கிற கம்பித் தூரிகைகளை எடுத்தார். நீங்கள் இடது காலை வைத்தீர்கள். வலது சர்ர் என்று வந்தது. மேளத்திலும் அதே சர்ர். மறுபடி இடது, மறுபடி சர்ர். ஐந்தாவது அடியில் அந்தப் பெண்மணியும் தன் வலது காலை உங்களைப்போலவே இழுத்தார். மொத்தம் எட்டு அடி. என் கண் பலகையின் மட்டத்தில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் செல்போனில் எடுத்த படத்தில் முன்வரிசைத் தலைகள் மறைத்து இடுப்புக்கு மேல்தான் தெரிகிறது. நம்மவர்களில் உங்கள் கால்களை அவ்வளவு கிட்டத்தில் முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டில் கொண்டுவந்து விட்டபோது உங்கள் மனைவி, "உக்காந்துதானண்ணே பாத்தாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள்.

இரண்டரை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் உங்களுக்கு மறுபடி பக்கவாதம் வந்தது, இந்த முறை எழுந்திருக்கவில்லை. அந்தப் படிகள்தான் காரணமோ என்று ஒரு மருத்துவரிடம் கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் வீட்டுப் பக்கம் போவதையும் மெல்லக் குறைத்துக்கொண்டேன்.

நேற்று அந்த வாசனை என்னை வீட்டில் இருக்கவிடவில்லை. சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தும் ஒன்றும் அப்படி வரவில்லை. "அன்னைக்குப் பொய் சொன்னேன் தங்கச்சி. மேடை ஏறுனாரு. செருப்பக் கழட்டிட்டு ஆடுனாரு. நான்தான் கைய விட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உருவிக்கொள்ள உங்கள் கையில் அவ்வளவு பலம் ஏது? நானாகத்தான் விட்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த வலது காலத் தூக்கி வச்சாரா, இழுத்தாரா?"

"இழுத்தாரு. அந்த இழுப்புக்குத்தான் மேளக்காரர் வாசிச்சாரு."

"தூக்கி வைங்க, தூக்கி வைங்கன்னு நாள் பூரா வஞ்சுக்கிட்டே இருப்பேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "எப்பிடி ஆடுனாரு? காட்டுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னேன். உங்கள் கூடத்துச் சிமெண்ட் தரையில் இடது காலை வைத்து, வலதை இழுத்து, எட்டு அடியும் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அந்த வீட்டுக்குப் பழகின சத்தம்.

நண்பரே, உங்கள் நடையில் எட்டு அடி என்னிடம் இருக்கிறது. வேறு எங்கும் அது இல்லை. வரைந்து வைக்கலாமா என்று யோசித்தேன். தாளில் அது வராது.

"இன்னொரு தடவ" என்று சொல்லிவிட்டு அவரே போய்க் கதவைத் திறந்து வைத்தார், காற்று வரட்டும் என்று. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இடது காலை எடுத்து வைத்தேன்.