அண்ணன் சாமியார் இல்லை

சித்ரா பௌர்ணமி, 1981. இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மலை சுற்றும்போது கால் வலிக்கிறது என்று அண்ணன் அடி அண்ணாமலையில் ஒரு சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பாவுக்கு இருந்த அதே நோய்தான் அவனுக்கும். இமையைத் தூக்கும் தசை வருடா வருடம் பலவீனமாகிறது. பரம்பரை என்றார் வேலூர் டாக்டர். மோவாயை உயர்த்தினால்தான் எதிரில் இருப்பவர் முகமே தெரியும்.

பாதி மூடிய கண்ணைப் பார்த்துவிட்டு, தவத்தில் இருக்கிறார் என்று ஒரு குடும்பமே அவன் காலில் விழுந்தது. அவன் பதறிப்போனான்.

"நான் சாமி இல்லீங்க, எழுந்திருங்க. கண்ணு தொறக்க வரல, வியாதி."

"எவ்ளோ அடக்கம் பாரு" என்று அந்தக் குடும்பத்து அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

கிளம்பலாம் என்று அவன் கையைப் பிடித்தேன். கடைக்காரர் தடுத்தார். "இருக்கட்டும்மா. அவரு உக்காந்ததுல இருந்து யாவாரம் ஜாஸ்தி."

என் அண்ணனின் நோய் உமக்கு வியாபாரமா என்று அவர் முகத்தைப் பார்த்தே கத்திவிட்டேன்.

அவர் முறைத்தார். "பேசறது இருக்கட்டும். மோவாய எதுக்கும்மா அப்படித் தூக்குற? அவ்ளோ திமிரா?"

அண்ணன் சட்டென்று திரும்பி, மோவாயை உயர்த்தி, என்னையே பார்த்தான்.

நான் தூக்கவில்லை. கோபம் வந்தால் எல்லாரும் அப்படித்தானே பார்ப்பார்கள்.