வால்வில் இல்லாத இரைச்சல்

குவாயாகில்
18 பிப்ரவரி 2009

அன்பு மகள் நார்சிசாவுக்கு,

கையும் காலும் வைத்துப் பார்த்தால் நான் நலம், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டி மைத்தேயும் நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே, அதுவும் ஒப்புக்குக் கேட்கவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது, தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர், உன் அத்தை ப்ரிசீலா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள், கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டி முன்னைவிட அதிகமாக என்னை அதிகாரம் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோமே, மைத்தேயைக் குளிக்கக் கூப்பிட்டுவிட்டு நீ மூச்சு வாங்கினாய், அந்த மூச்சின் அடியில் காய்ந்த சோள மட்டையைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு கேட்டது. என்ன அது என்றதற்கு, லைன் சரியில்லப்பா, வேலை பாக்குற எலுமிச்சை பேக்கிங் ஷெட்டுல மருந்து வேற அடிக்கிறாங்க, தொண்டை காயுது, நீ வேற ஆரம்பிக்காத என்று சிரித்தாய். நானும் லைன்தான் என்று ஒத்துக்கொண்டு வைத்துவிட்டேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அது லைன் இல்லை மகளே. வரும் திங்கட்கிழமையே நீ டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டியாக வேண்டும். மறுபடி போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஸ்டூடியோ முதலாளி தோன் வெலிங்டனின் மருமகள் நாளை ஸ்பெயினுக்கு விமானம் ஏறுகிறாள், சனிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பாய். உன் அம்மா பாடிய பசில்லோ பாட்டுகளைத் திரும்ப வெளியிடப் போகிறேன் என்று தோன் வெலிங்டன் போன மாதம் 2001ஆம் வருடத்து டேப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஸ்டூடியோவில் இருக்கும், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு எரியும் அதே கம்ப்ரஸர் வழியாகத்தான் போட்டேன். அப்பாவுக்குக் கம்ப்ரஸர் வேலை என்று நீ பள்ளியில் சொல்லப் போய் உன் டீச்சர் பிரிட்ஜைப் பார்க்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்களே, அந்தப் பெட்டிதான். குரல் எகிறும்போது தட்டி அடக்கும், பாட்டு நின்ற இடத்தில் பிடியை விடும், விட்டதும் அடியில் கிடக்கும் சின்னச் சத்தமெல்லாம் மேலே வரும், நாற்காலி கிறீச்சிடுவது, காகிதம் புரள்வது, பாடுகிறவரின் மூச்சு. பிடியை மெதுவாக விடும்படி ஒரு திருகைத் திருப்பி வைத்தால் அவை மேலே வராது.

பாட்டுப் பதிந்த அன்று உன் அம்மா ஒவ்வோர் அடிக்கும் மூச்சு இழுத்தபோதெல்லாம் அந்தக் கரகரப்பு வந்தது. வால்வு போய்விட்டது என்று நினைத்தேன். ஒன்றை மாற்றினேன், போகவில்லை, இன்னொன்றை மாற்றினேன், தேவாலயத்து ஒலிபெருக்கிக்காரரிடம் போய் மூன்றாவதும் வாங்கி வந்தேன். வால்வு வால்வுன்னு என்னைப் பட்டினி போடுற, கிழவா, என்று அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று திட்டினாள். கடைசியில் திருகை மெதுவுக்குத் திருப்பினேன், கரகரப்பு அடங்கியது. அன்று என்னை விடக் கெட்டிக்காரன் இந்த ஊரில் கிடையாது என்ற நினைப்பு எனக்கு. எட்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். நாலு மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். அங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கிடைக்காமல், நீ வர முடியாமல் கிடந்து, ஒரு கொசு எந்தப் பக்கம் பறக்குதுன்னு சொல்லுவியேப்பா, பக்கத்துல படுத்தவ மூச்சு உனக்குக் கேக்கலையா என்று போனில் அழுதாய். கேட்கவில்லை என்றேன். அது பொய். கேட்டது, அதை நான்தான் அடக்கி வைத்தேன்.

இப்போது வால்வுகள் எல்லாம் புதியவை, போன வருடம் நானே மாற்றியவை. திருகை வேகத்துக்குத் திருப்பினேன், அவள் வந்துவிட்டாள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால், ஏதோ சொல்ல வாயெடுக்கிறவளாக. ஹெட்போனைக் கழற்றியும் போகவில்லை. பட்டப்பகலில் பஸ்ஸில் என் பின் சீட்டில் இருந்து மூச்சு விடுகிறாள், திரும்பிப் பார்த்தால் மடியில் மீன்கூடையோடு யாரோ ஒரு அம்மாள் தூங்குகிறாள். நான் பயந்த மனிதன் இல்லை, இப்போது பயமாக இருக்கிறது.

நாலாவது பாட்டு முடிந்த இடத்தில், மைக்கை விட்டு விலகி நின்று அவள் பேசியதும் டேப்பில் இருக்கிறது. எவாரிஸ்தோ, இது வால்வு இல்லைன்னா என்ன, என்று கேட்கிறாள். நீ பாடு, மத்தத நான் பாத்துக்கறேன், என்று என் குரல் சொல்கிறது. இப்படி ஒரு பேச்சு நடந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை முறை திரும்பப் போட்டாலும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் லைன்தான் என்றதும் அந்த மனிதன்தான்.

இதோடு ஒரு சிடி வைத்திருக்கிறேன். அதில் பாட்டு கிடையாது. பாட்டுக்கு நடுவே இருக்கும் மூச்சை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறேன், நாலு நிமிடம். டாக்டரிடம் கொடு, இதைக் கேட்டுவிட்டு உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்கச் சொல், இரண்டும் ஒன்றா என்று அவர் சொல்லட்டும். பைத்தியக்கார அப்பா என்று சிரித்தால் சிரிக்கட்டும். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் உங்கள் முர்சியா ஊர் முழுக்க என் காது செத்துவிட்டது என்று பறைசாற்று, எனக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

கடவுளும் உன் பெயருக்குரிய புனிதவதியும் உன்னையும் உன் பிள்ளையையும் காக்கட்டும். மைத்தேயின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. திங்கட்கிழமை ஷெட்டுக்கு லீவு சொல்லிவிடு, மறந்துவிடாதே. சிடியின் கடைசியில் உன் அம்மாவின் கேள்வியும் என் பதிலும் இருக்கின்றன. வெட்டி எறிய எனக்கு ஒரு நிமிடம் போதும், வெட்டவில்லை. டாக்டருக்கு அது தேவைப்படாது, உனக்காகத்தான் விட்டிருக்கிறேன். அதைக் கேட்டபிறகு நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய் என்று மாப்பிள்ளையை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ